கடைசித் துண்டும் கனிப் பிளப்புக் கருவியும்

எங்கள் நோர்டால் ஊரில் பொதுத்தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. இப்படி ஒரு சட்டம் கிடையாது. சட்டமாக இருந்திருந்தால் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து எப்போதோ மீறியிருப்போம். இது சட்டத்தைவிடக் கண்டிப்பானது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைப்பாரோ என்கிற பயம்.

அதற்காக எங்களைப் பண்டத்தை வீணாக்குகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கடைசித் துண்டை எடுக்கக் கூடாதே தவிர, அதில் பாதியை எடுக்கலாம். தட்டோடு ஒரு கத்தியும் சுற்றி வரும். ஒருவர் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. மினசோட்டாவில் பனி விழும் மாதங்களில் எங்களுக்கு வேறென்ன அவசரம்? கடைசியில் நகத்தளவு ஏதோ ஒன்று தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துண்டு என்று யாரும் சொல்ல முடியாது. டெலோரிஸ் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். வயிறும் நிறையும், மரியாதையும் மிஞ்சும்.

டெலோரிஸ் டோலெஃப்சன்தான் எங்கள் முதியோர் மதிய உணவுக்கூடத்தின் சமையல்காரர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள மேசை, மடக்கு நாற்காலிகள், எப்போதும் கொதிக்கிற காபிப் பானை. வாரத்தில் இரண்டு நாள் சோறு போடுவார்கள். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, சாப்பிடுவதைத் தவிர. ஆர்லோ என்று கேட்டால் காட்டுவார்கள். முன்பு இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் தபால் கொண்டுபோனவன்.

என் பக்கத்து நாற்காலி மெர்ல் ஆஸ்கார்டுடையது. மனைவி போனபின் பண்ணை வீட்டில் தனியாக இருக்கிறார். மாடுகளையும் விற்றுவிட்டார். உணவுக்கூடம் திறக்கிற நாளில் மட்டும்தான் முகம் மழிப்பார். மற்ற நாளில் யார் பார்க்கப்போகிறார்கள் என்பார். அவருக்கு அங்கே பரிமாறுகிற சூப்பு முக்கியமில்லை. அதை எதிரே ஒருவர் உட்கார்ந்து உறிஞ்சுகிற சத்தம்தான் முக்கியம். எனக்கும் அப்படித்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த உணவுக்கூடத்தை நடத்த மாவட்ட அலுவலகம் பணம் கொடுத்து வந்தது. திட்டத்தின் பெயர் ‘கனிவழி முதுமை வளம்’. சூப்பு, ரொட்டி, காபி எல்லாவற்றுக்கும் பணம் வரும், ஆனால் ஒரு நிபந்தனை: அவர்கள் அனுப்புகிற பழத்தை முதியோர் முழுவதுமாக உட்கொள்ள வேண்டும். பழத்தட்டு காலியாக இருப்பதை, மேசையிலிருந்து எடுப்பதற்கு முன்பே, படம் பிடித்து அனுப்ப வேண்டும். தட்டில் மிச்சம் தெரிந்தால் எச்சரிக்கை. எச்சரிக்கைகள் சேர்ந்தால் கூடத்துக்குப் பூட்டு.

முதலில் ஆப்பிள் வந்தது. பிறகு, யாருக்கு என்ன தோன்றியதோ, முழங்கால் அளவுப் பனியில் மெக்சிகோவிலிருந்து பெட்டி பெட்டியாக மாம்பழம் வந்து இறங்கியது. டெலோரிஸ் முதல் பழத்தை ஆப்பிள் மாதிரி நடுவில் வெட்டப் பார்த்தார். கத்தி கொட்டையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அன்று எல்லாருமாகச் சிரித்தோம். மறுவாரத்துக்குள் அவர் கொட்டைக்கு இரு பக்கமும் சீவிக் கதுப்பெடுக்கப் பழகிவிட்டார். எங்களுக்கும் நாக்கு பழகிவிட்டது. தட்டு காலியாகப் போனது, பணம் ஒழுங்காக வந்தது.

அப்படியே போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மெர்ல் கடைசித் துண்டைப் பாதியாக்கினார்.

பாதியாக்கினார் என்று சொன்னால் போதாது. அது மேசை முழுக்கச் சுற்றி, பாதி பாதியாகக் குறைந்து, பட்டாணி அளவில் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. பட்டாணியில் பாதியை எடுக்க அவர் கத்தியை வைத்தார். மாம்பழம் வழுக்கியது. பட்டாணி தப்பித்தது, விரல் தப்பவில்லை. மருத்துவமனையில் தையல் போட்ட தாதி எப்படி ஆயிற்று என்று கேட்டாளாம். அவள் டெக்சாஸ்காரி. பட்டாணியளவு பழத்தை ஒரு மனிதர் ஏன் பாதியாக வெட்டினார் என்பதை அவளுக்கு விளக்குவதற்குள் தையல் பிரிந்துவிடும். ஆகவே மெர்ல், மாம்பழம் வெட்டினேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அதில் பொய் ஒன்றுமில்லை.

திட்டப் பயனாளி ஒருவரின் ரத்தம் சிந்தப்பட்ட தகவல் உரிய வழியில் மாவட்ட அலுவலகத்தைச் சென்றடைந்தது. ‘மூத்தோர் ஊட்டச்சத்து மற்றும் கூர்முனைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்’ திரு. கர்ட் நைகார்ட் நேரில் வந்தார். அவர் வேற்று மனிதரில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்தான். அவருடைய அம்மா சுடுகிற எலுமிச்சைக் கேக் எங்கள் பக்கத்து ஈமச் சடங்குகள் எல்லாவற்றிலும் முதலில் தீர்ந்துபோகும். அதாவது கடைசித் துண்டு தவிர.

“மாம்பழம் வெட்டும்போதுதானே கை அறுந்துச்சு?” என்று கேட்டார்.

“ஆமா சார், வெட்டும்போதுதான்” என்றார் மெர்ல்.

“முழுப் பழமா?”

மெர்ல் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

“முழுசுன்னு சொல்ல முடியாது சார்.”

“அப்ப பாதிப் பழமா?”

“பாதியில ஒரு பாதின்னு வச்சுக்கோங்களேன்.”

உண்மையை அங்கேயே சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அவரும் எத்தனையோ கேக்கைப் பாதியில் பாதியாக்கியவர்தான். ஆனால் அவர் மனிதராகக் கேட்கவில்லை, ஒருங்கிணைப்பாளராகக் கேட்டார். நாங்களும் பயனாளிகளாகப் பதில் சொன்னோம். மாம்பழம் இயல்பிலேயே ஆபத்தான பழம் என்ற முடிவோடு அவர் எழுந்தார்.

பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. ‘கூர்முனைச் சாதனங்கள் எவற்றையும் மாம்பழத்தின் முன்னிலையில் பயன்படுத்துவது உடனடியாக அமலுக்கு வரும் வகையில் தடை செய்யப்படுகிறது.’ மாம்பழம் எப்போதுமே கூடத்தில் இருந்ததால், ரொட்டி வெட்டும் கத்திக்கும் அதன் முன்னிலையில் இருக்கிற தகுதி போயிற்று. நைகார்ட் எல்லாக் கத்திகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு நாடாவால் ஒட்டி எடுத்துப் போனார். நாங்கள் ரொட்டியைப் பிய்த்து, கரண்டியின் பின்பக்கத்தால் வெண்ணெய் தடவப் பழகினோம். இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தாலும் அதைத்தான் சொல்வோம்.

கத்திக்கு மாற்றாக வந்ததுதான் ‘கனிப் பிளப்புக் கருவி’. முட்டை வடிவில் ஒரு வளையம், இரண்டு பக்கமும் கைப்பிடி. வளையத்துக்குள் இரண்டு வளைந்த அலகுகள், அவற்றுக்கு நடுவில் கொட்டை அளவுக்கு ஓர் ஓட்டை. பழத்தை நிறுத்திவைத்து மேலிருந்து அமுக்கினால் இரண்டு கதுப்பும் பக்கத்துக்கொன்றாக விழும், கொட்டை ஓட்டை வழியே வந்து நடுவில் நிற்கும். கதுப்பைத் தோலிலிருந்து வழித்தெடுக்க இரண்டாவது கருவி. வழித்ததைத் துண்டாக்க, கம்பி கட்டிய சட்டம் ஒன்று. துண்டைத் தட்டிலிருந்து எடுக்க ஓர் இடுக்கி. ஒரு கத்தி செய்த வேலையை இப்போது ஓர் அலமாரி செய்தது.

டெலோரிஸ் வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

“இந்த அலகு என் கத்திய விடக் கூரா இருக்கே சார்.”

“அது கத்தி இல்லம்மா. கத்தின்னா ஒரு பக்கம்தான் பிடி இருக்கும். இதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு பாருங்க” என்றார் நைகார்ட்.

கருவியைக் கையாள அரைநாள் பயிற்சி கட்டாயம் என்றார்கள். அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். மாம்பழ வண்டி வரவில்லை. பயிற்சியை ஒத்திவைக்க விதியில் இடமில்லாததால் உருளைக்கிழங்கை வைத்து நடத்தினார்கள். நாங்கள் வரிசையாக நின்று உருளைக்கிழங்கை அமுக்கினோம். இரண்டு கதுப்பு விழுந்தது, நடுத்துண்டு ஓட்டையில் நின்றது. ‘கருவியின் மைய வழியே வெளிப்படுவது கொட்டை எனப்படும், அது கழிவு’ என்று பயிற்றுநர் கையேட்டைப் பார்த்துப் படித்தார். நடுத்துண்டுகளைக் குப்பையில் போட்டோம். உருளைக்கிழங்கிலிருந்து வெற்றிகரமாகக் கொட்டை நீக்கியதற்கு ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். மெர்ல் அதைச் சட்டம் போட்டுத் தன் மாடுகள் வாங்கிய பரிசுகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

மாவட்டமே ஏற்றுக்கொண்ட கருவி என்றதும் ஊருக்குப் பித்துப் பிடித்தது. இரும்புக் கடைக்காரர் பனிவாரும் மண்வெட்டிகளை ஓரம்கட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வளையங்களைத் தொங்கவிட்டார். கல்யாணப் பரிசாக வளையம் கொடுத்தார்கள். போதகர் தம் பிரசங்கத்தில் கொட்டையையும் கதுப்பையும் பிரிப்பதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஒரே தட்டில் அடுக்கி அடுப்பில் வேகவைக்கிற எங்கள் ஹாட்டிஷில்கூட, மாட்டிறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில், மாம்பழம் தலைகாட்டியது. வளையம் இல்லாத வீட்டுக்குப் போனவர்கள், பாவம், இன்னும் கத்தியால் வெட்டுகிறார்கள் என்று வெளியே வந்து பேசினார்கள். வளையத்துக்குப் பின்னால் வாழைப்பழத்துக்கு ஒரு கருவி, வெண்ணெய்ப் பழத்துக்கு ஒரு கருவி, அன்னாசிக்கு முறுக்குகிற கருவி என்று வந்து, ஊரில் ஒரு சமையலறை இழுப்பறையும் மூடவில்லை. மாம்பழம்தான் கடையில் அத்தி பூத்தாற்போல் கிடைத்தது. நானும் ஒரு வளையம் வாங்கினேன். எனக்கு அது தேவையே இல்லை. பச்சைக் கைப்பிடி போட்டது தள்ளுபடியில் இருந்தது.

வளையத்தால் ஓர் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. அது பெரிய சிவப்புப் பழத்துக்கென்று செய்தது. எங்களுக்கு வந்ததோ தட்டையான கொட்டை கொண்ட சின்ன மஞ்சள் பழம். அமுக்கினால் பாதிச் சதை கொட்டையோடு நின்றுவிடும். பத்துப் பேர் பார்க்க மேசையில் கொட்டை சப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் சமையலறைத் தொட்டிக்கு மேல் குனிந்துகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சப்பினால் அது கணக்கில் வராது. ஆகவே பாத்திரம் கழுவ உதவட்டுமா என்று கேட்டு ஒவ்வொருவராக உள்ளே போனோம். வாழ்நாளில் ஒரு கோப்பை கழுவாத ஆண்களெல்லாம் தாடையில் மஞ்சளோடு திரும்பி வந்தார்கள். கருவியின் வருகையால் நோர்டால் மூத்தோரிடையே தன்னார்வப் பங்களிப்பு வியக்கத்தக்க அளவில் உயர்ந்துள்ளது என்று மாவட்ட அலுவலகம் பாராட்டியது.

கடைசித் துண்டை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது மறக்கவில்லை. கத்தி போன முதல் நாளே தட்டின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இடுக்கி பிடிக்கும், வெட்டாது. கம்பிச் சட்டத்தில் வைத்தால் துண்டு கம்பிகளுக்கு நடுவே முழுசாக நழுவிவிடும். அவரவர் முள்கரண்டியால் அமுக்கலாமே என்பீர்கள். வாயில் வைத்த கரண்டியைப் பொதுத்தட்டில் வைக்கிறவர் அதற்குப் பிறகு வேறு ஊரில் குடியேறுவது நல்லது. கையால் பிய்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். டெலோரிஸை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். சமைத்தவளே எடுத்துத் தின்றால் ஊர் என்ன பேசும் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார். துண்டோடு படம் போயிற்று. முதல் எச்சரிக்கை வந்தது. அடுத்து இரண்டாவது.

வழி கண்டுபிடித்தவர் மெர்ல். துண்டைப் பாதியாக்கலாம் என்று வளையத்தில் வைத்து அமுக்கினார். அது முழுசாக நடு ஓட்டை வழியே கீழே விழுந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

“மைய வழியே வெளிப்படுவது என்னது?” என்று கேட்டார் மெர்ல்.

“கொட்டை” என்றோம், சான்றிதழ் பெற்ற எல்லாரும்.

டெலோரிஸ் அதைக் கழிவுத் தொட்டியில் போட்டார். தட்டு காலி. படம் போயிற்று. நல்ல பழத்தைக் குப்பையில் போட மனது வலித்தது. ஆனால் அடுத்த வாரமும் மெர்ல் மழித்த முகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அது போதும் என்றிருந்தது.

வாராவாரம் எடுத்துப்போகிற கழிவையும் மாவட்டத்தில் யாரோ எண்ணுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அனுப்பிய பழத்தைவிடக் கொட்டை அதிகமாக வருகிறதே என்று அங்கே பெரிய ஆலோசனை நடந்திருக்கிறது. இரட்டைக் கொட்டை மாம்பழம் இருக்கக்கூடும், அப்படியானால் இரட்டை ஓட்டை வளையம் வாங்க வேண்டியிருக்கும் என்று பேச்சு. நேரில் ஆராய நைகார்ட் ஒரு வியாழக்கிழமை வந்தார். எங்களோடு மேசையில் உட்கார்ந்து சூப்பு குடித்தார், மாம்பழம் சாப்பிட்டார், அம்மாவின் முழங்கால் வலி பற்றிச் சொன்னார். தட்டு சுற்றி வந்து அவர் முன்னால் நின்றது. நடுவில் ஒரே ஒரு துண்டு.

டெலோரிஸ் வளையத்தை எடுத்தார்.

“அது எதுக்கும்மா?”

“கொட்டைய எடுக்கத்தான் சார்.”

“அது கொட்டை இல்லையே. துண்டுதானே?”

டெலோரிஸ் வளையத்தை ஓரமாக வைத்துவிட்டார். நைகார்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் கெட்ட மனிதரில்லை. தாழ்ந்த குரலில் நிலைமையைச் சொன்னார். இது மூன்றாவது தடவை. இந்தத் துண்டு தட்டில் இருக்க அவர் படம் எடுத்தால் மாதக் கடைசியோடு கூடத்தை மூட வேண்டியதுதான். யாராவது சாப்பிட்டுவிட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் மெர்லைப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் போதகரின் அத்தையைச் சொன்னார். அந்த அம்மாள் என்னைச் சொன்னார். எனக்கு அந்தத் துண்டு வேண்டும் போலத்தான் இருந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் எனக்குப் போதும் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேசை முழுக்க எல்லாரும் எல்லாரையும் உபசரித்து முடித்தபின், மீதி இருந்தது ஒருவர்தான்.

“நீங்க எடுத்துக்கோங்க சார்” என்றார் டெலோரிஸ்.

“ஐயோ, வேணாம்மா. எனக்குப் போதும்.”

“விருந்தாளி நீங்க. எடுத்துக்கோங்க.”

“இல்ல இல்ல, உங்களுக்கு வச்சது.”

எங்கள் பக்கத்தில் எதையும் இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் ஏரிக்கு இரண்டு கரையிலும் ஒன்றுதான். டெலோரிஸ் மூன்றாவது தடவை கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

“எங்களுக்காக எடுத்துக்கோங்க சார்.”

நைகார்ட் இடுக்கியை எடுத்தார். துண்டைப் பிடித்தார், தூக்கினார். மெர்ல் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. தூக்கிய துண்டைத் தன் தட்டுக்கு மேல் ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, அவர் தயக்கத்தோடு சிரித்தார்.

“முழுசா வேணாம், பாதி போதும். ஒரு கத்தி குடுங்களேன்.”

டெலோரிஸ் மெதுவாகச் சொன்னார்:

“கத்தியெல்லாம் உங்க ஆபீஸ்ல இருக்கு சார்.”

அவர் துண்டைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோனார். துண்டை இருந்த இடத்திலேயே, அதே கோணத்தில் திரும்ப வைத்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். படம் எடுத்துக்கொண்டார்.

நோர்டால் மூத்தோருக்கு மாம்பழத்தில் விருப்பமில்லை என்று எழுதிக் கூடத்தை மூடினார்கள். டெலோரிஸ் நெடுஞ்சாலை ஓட்டலில் முட்டை பொரிக்கப் போய்விட்டார். ஆண்டறிக்கையில் எங்கள் ஊருக்குத் தனிப் பத்தி உண்டு. கருவி அறிமுகமான நாள் முதல் நோர்டாலில் பழம் வெட்டி ஒருவருக்கும் காயமில்லை, இப்போது அறவே இல்லை என்று அதில் இருக்கிறது. அதற்காக மாவட்ட அலுவலகத்துக்குக் கேடயம் கிடைத்ததாம். பயனாளிகளுக்கு நினைவுப் பரிசாக ஆளுக்கொரு வளையம் வந்தது. என்னிடம் இப்போது இரண்டு இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கடையில் மாம்பழம் கண்ணில் பட்டது. வாங்கிவந்து பச்சைக் கைப்பிடியைப் பிடித்து அமுக்கினேன். கதுப்பு இரண்டு விழுந்தது. ஒன்றைத் தின்றேன். மற்றது தட்டில் இருந்தது. கத்தி இழுப்பறையில்தான் கிடக்கிறது. பாதியாக வெட்டினால் மீதியை யாருக்கு வைப்பது? மெர்லுக்குப் போன் செய்தேன்.

“ஒரு கதுப்பு மிஞ்சிருக்குப்பா. வாயேன், வந்து சாப்பிடு.”

“வேணாம் ஆர்லோ. உனக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமம் என்ன? சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். வா.”

“இல்லப்பா, பனி வேற கொட்டுது. பரவால்ல.”

பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அவர் அன்றைக்கு முகம் மழித்திருந்தாரா என்று கேட்க நினைத்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டால் வற்புறுத்துவதாக நினைத்துக்கொள்வாரோ என்று, நானே போனை வைத்துவிட்டேன்.